அபர்டீனில் ஒரு பகல்: ஷெட்லாண்ட் கப்பலுக்காகத் தங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தங்கை ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகளில், லெர்விக் ஊரில் நர்ஸாக இருக்கிறாள். 2025 ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். லெர்விக்குக்குக் கப்பலில் போவதென்றால் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள அபர்டீனில்தான் ஏற வேண்டும். போகும்போது அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம்கூட இல்லை. மூன்று பெரிய பெட்டிகள், முட்டிவலியோடு அம்மா, தாமதமாக வந்த ரயில். ஒரு வாய் சாப்பிடாமல், கடலைக்கூடப் பார்க்காமல் துறைமுகத்துக்கு ஓடினோம். திரும்பும்போது ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் ஒதுக்கினேன். அதே ஊர் அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

முதல் தடவை நாங்கள் பட்ட அவதி உங்களுக்கு வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. விசா: "ஒரு நாள்தானே" என்று நினைக்காதீர்கள்

இந்திய பாஸ்போர்ட்டுக்கும் இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் பிரிட்டன் விசா கட்டாயம். இதில் பலர் தடுக்கி விழும் இடம் டிரான்சிட் விசா. அதன் கட்டணம் குறைவு என்பதால் அதையே போட்டுவிடலாம் என்று தோன்றும். அது வேறொரு நாட்டுக்குப் போகிற வழியில் பிரிட்டனுக்குள் நுழைந்து 48 மணி நேரத்துக்குள் வெளியேறுபவர்களுக்கானது. ஷெட்லாண்டும் பிரிட்டன்தான். அங்கே போய்வருவது, ஊர் சுற்றுவது, உறவினரைப் பார்ப்பது எல்லாம் சுற்றுலா விசாவில் வரும். ஆறு மாதம் வரை தங்கும் சுற்றுலா விசாவுக்கு 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டாக இருந்தது. கட்டணத்தை அடிக்கடி ஏற்றுகிறார்கள். விண்ணப்பிக்கும் அன்று பிரிட்டன் அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். அவசரம் என்றால் கூடுதலாக 500 பவுண்டு கட்டி ஐந்து வேலை நாளில் முடிவு கேட்கலாம். மூன்று பேர் குடும்பத்துக்கு அந்தப் பணம் ஒரு விமான டிக்கெட்டையே தாண்டிவிடும், அதனால் சீக்கிரமே தொடங்குங்கள். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிவிட்டு, கைரேகை கொடுக்க மட்டும் சென்னை மையத்துக்குப் போனால் போதும்.

ஆவணங்களில் நாங்கள் தடுமாறியது ஒன்றே ஒன்றில். அம்மாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஊரில் உள்ள நிலத்தின் பட்டாவையும் வீட்டுப் பத்திரத்தையும் வைத்தோம். அவை தமிழில் இருந்தன. தமிழில் உள்ள எந்தத் தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். மொழிபெயர்த்தவர் தன் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் எல்லாவற்றையும் போட்டு, இது சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதித் தர வேண்டும். கடைசி நேரத்தில் இதற்காக அலைந்ததில் பத்து நாள் போனது. பட்டாவும் பத்திரமும் உங்கள் பட்டியலில் இருந்தால் முதல் வேலையாக இதை முடியுங்கள்.

இன்னொன்று: விசா கையில் வரும் முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் வாங்க வேண்டாம். விசாவுக்கு டிக்கெட் கேட்கமாட்டார்கள், பயணத் திட்டம் எழுதிக் கொடுத்தால் போதும்.

சிங்கப்பூர், மலேசியா, கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் இ.டி.ஏ. என்னும் முன் அனுமதியைக் கைபேசியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் போனபோது அதற்குக் கட்டணம் 16 பவுண்டு.

2. கப்பல் 5 மணியா, 7 மணியா

எங்கள் முதல் பயணம் கெட்டது இதில்தான். நார்த்லிங்க் என்ற கம்பெனியின் கப்பல் இரவு முழுக்க ஓடி மறுநாள் காலை 7.30க்கு லெர்விக் போய்ச் சேரும். நேராக லெர்விக் போகும் நாட்களில் மாலை 7 மணிக்குக் கிளம்பும். ஆர்க்னித் தீவுகளில் உள்ள கர்க்வாலைத் தொட்டுக்கொண்டு போகும் நாட்களில் மாலை 5 மணிக்கே கிளம்பிவிடும். "மாலைக் கப்பல், 7 மணி" என்று தங்கை எப்போதோ சொன்னது மனதில் பதிந்திருந்தது. ரயிலில் உட்கார்ந்து டிக்கெட்டை நிதானமாகப் படித்தபோதுதான் அதில் 17.00 என்று இருந்ததைப் பார்த்தேன்.

டிக்கெட் வந்தவுடன் கிளம்பும் நேரத்தைத் தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அரை மணியைக் கழியுங்கள், கப்பல் ஏறுவதற்கான செக்-இன் அப்போதே மூடிவிடும். ஒரு மணி நேரம் முன்பே முனையத்தில் இருப்பது நல்லது. பெரியவர்கள் எல்லோரும் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். நமக்கு பாஸ்போர்ட்தான், அதைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.

கோடையில் கேபின்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெறும் பயணச் சீட்டு மட்டும் வாங்கினால் பொது இடத்தில் உட்கார்ந்துதான் இரவைக் கழிக்க வேண்டும். சாய்வு நாற்காலிக்குத் தனிக் கட்டணம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். வயதானவர்கள் கூட வந்தால் கேபினில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். வாந்தி மாத்திரையை ஏறும் முன்பே போட்டுவிடுங்கள், வட கடல் ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் நிற்காது.

கப்பல் டிக்கெட் போடும்போது சரியான கைபேசி எண்ணைக் கொடுங்கள். காற்று கடுமையானால் நேரத்தை மாற்றுவார்கள், சில நாள் கப்பலே போகாது. குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். அதனால் லெர்விக்கிலிருந்து திரும்பும் கப்பலுக்கும் லண்டன் விமானத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது விடுங்கள். நான் அபர்டீனில் ஓர் இரவு தங்க முடிவு செய்ததற்கு முதல் காரணம் அதுதான்.

3. அபர்டீன் போய்ச் சேர்வது

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேரடி ரயிலில் ஏழு மணி நேரம் ஆகும். அதே நாளில் கப்பலும் ஏற நினைக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை வேறு, பாதை வேலை நடந்ததால் வண்டி ஊர்ந்து வந்தது. முந்தின நாளே எடின்பரோ வந்து தங்கிவிட்டு, காலை ரயில் பிடித்தால் இரண்டரை மணி நேரத்துக்குள் அபர்டீன். வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னல் கேளுங்கள். ஃபோர்த் பாலமும் டே பாலமும் தாண்டியபின், ஸ்டோன்ஹேவன் நெருங்க நெருங்கக் கடல் தண்டவாளத்துக்குக் கீழேயே வந்துவிடும். லண்டனிலிருந்து இரவில் படுத்து வருவதற்குக் கலிடோனியன் ஸ்லீப்பர் இருக்கிறது, சனிக்கிழமை இரவு மட்டும் ஓடாது.

செலவைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, தேதி உறுதியானால் முன்பதிவுச் சீட்டு வாங்குவது. அது குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். இரண்டாவது, ரயில்கார்டு என்ற சலுகை அட்டை. அறுபது வயது தாண்டியவர்களுக்கு 35 பவுண்டில் சீனியர் ரயில்கார்டு கிடைக்கும். வெளிநாட்டவரும் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டன் முதல் அபர்டீன் வரை போய்வருவதில் அம்மாவின் அட்டைக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்துவிட்டது. ரயில் அரை மணிக்கு மேல் தாமதமானால் இழப்பீடு கேட்கலாம், 28 நாளுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

விமானத்தில் வருபவர்களுக்கு: ஹீத்ரோவில் மாறி அபர்டீன் வந்தால் குடியேற்றச் சோதனை ஹீத்ரோவிலேயே முடிந்துவிடும். அந்த வரிசைக்கும் சேர்த்து இடைவெளி வைத்து டிக்கெட் போடுங்கள். அபர்டீன் விமான நிலையம் டைஸ் என்ற இடத்தில் இருக்கிறது. வரைபடத்தில் பக்கத்திலேயே டைஸ் ரயில் நிலையம் தெரியும். அதை நம்பிப் பெட்டியோடு நடக்க ஆரம்பிக்காதீர்கள். ரயில் நிலையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், முழுதாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் ஊருக்குள் போகும் பஸ் நிற்கும், அதில் ஏறுவதுதான் எளிது.

கார் எடுப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நகர நடுவில், ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சில தெருக்களில் பஸ், டாக்ஸி, சைக்கிள் மட்டுமே போகலாம். கேமரா இருக்கிறது. தெரியாமல் நுழைந்தால் அபராதத் தாள் கார் கம்பெனி வழியாக, அவர்களுடைய கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். ஒரு பகலுக்குக் கார் தேவையே இல்லை.

4. பெட்டியை இறக்கி வையுங்கள்

ரயில் நிலையமும் பஸ் நிலையமும் யூனியன் ஸ்கொயர் என்ற கடை வளாகமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. அங்கிருந்து ஜேமிசன்ஸ் கீ என்ற இடத்தில் உள்ள கப்பல் முனையத்துக்குப் பத்து நிமிட நடை, தரையும் மேடு பள்ளமில்லாதது. தூரம் கஷ்டமில்லை, பெட்டிதான் கஷ்டம். பெட்டியோடு இந்த ஊரில் ஒன்றும் பார்க்க முடியாது. இரவு தங்குவதாக இருந்தால், நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை போட்டு, காலையில் போனவுடன் பெட்டிகளை வரவேற்பில் விட்டுவிடுங்கள். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும், ஆனால் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறை எடுக்காதவர்கள், பெட்டியை எங்கே விடலாம் என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அறை வாடகையில் இந்த ஊர் தலைகீழ். இது கடலில் பெட்ரோலிய எண்ணெய் எடுக்கும் கம்பெனிகளின் ஊர், வேலை நாட்களில்தான் ஆட்கள் வருவார்கள். எனவே பல ஹோட்டல்களில் வெள்ளி, சனி இரவுகள் மலிவு. ஒற்றைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் மாதம் ஆஃப்ஷோர் யூரோப் என்ற பெரிய எண்ணெய்க் கண்காட்சி நடக்கும். அந்த வாரம் மட்டும் இங்கே அறை தேடாதீர்கள்.

5. கடல் பார்க்க: ஃபுட்டீயா, டோரியா

ஊர் நடுவே நின்றால் இது கடற்கரை ஊர் என்றே தெரியாது. எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறக் கருங்கல் கட்டடம். கடலைப் பார்க்க இரண்டு இடம் உண்டு.

ஒன்று ஃபுட்டீ. உள்ளூர்க்காரர்கள் ஃபிட்டி என்பார்கள். டீ (Dee) என்ற ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் பழைய மீனவர் குடியிருப்பு. சின்னச் சின்ன வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி மரக்கொட்டகைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். பழைய மிதவை, கயிறு, பூத்தொட்டி என்று ஒவ்வொரு கொட்டகை வாசலையும் அலங்கரித்திருக்கிறார்கள். இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். அங்கிருந்து வடக்கே நீளமான மணல் கடற்கரையும் நடைபாதையும் தொடங்குகின்றன.

இன்னொன்று தென்கரையில் டோரி பேட்டரி. பழைய பீரங்கிக் கோட்டையின் சுவர்கள் மட்டும் நிற்கும் மேடு. கீழே துறைமுகத்தின் வாய். அங்கேதான் டால்ஃபின்கள் வரும்.

இப்போது பொறியைச் சொல்கிறேன். ஃபுட்டீயில் நின்று பார்த்தால் டோரி எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அக்கரைக்குப் போகலாம் என்று படகுத்துறை தேடினோம். படகு கிடையாது, பாலமும் கிடையாது. துறைமுகத்தை முழுதாகச் சுற்றி, விக்டோரியா பாலத்தில் ஆற்றைக் கடந்து மறுபடி கரையோரம் வர வேண்டும், ஐந்து கிலோமீட்டருக்கு மேல். நடக்க முடியாதவர்கள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவே டாக்ஸிக்குப் பணம் ஒதுக்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் டோரிக்குப் போங்கள் என்பேன்.

நாங்கள் டாக்ஸியில்தான் போனோம். பத்தரை மணி இருக்கும். அம்மா சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்ற ஒரு பெரியவர், அலையைப் பார்க்காதீர்கள், ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேர்கிற கோட்டைப் பாருங்கள் என்றார். பழுப்பும் நீலமும் தனித்தனியாகத் தெரிகிற கோடு அது. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சப்ளைக் கப்பல் உள்ளே நுழைந்தது. அதன் முன்னால் கரும்சாம்பல் முதுகு ஒன்று எழுந்து வளைந்து மறைந்தது, பின்னாலேயே இரண்டு, அதில் ஒன்று குட்டி. "எப்பா, மூச்சு விடுறது கேக்குதுடா" என்றார் அம்மா. நிஜமாகவே கேட்டது, பிரஷர் குக்கர் லேசாகச் சீறுவது போல. அன்றைக்கு அங்கிருந்து அவரைக் கிளப்பவே மதியமாகிவிட்டது.

பக்கத்திலேயே கிரேஹோப் பே மையத்தில் காபியும் கழிப்பறையும் உண்டு. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே பார்த்துவிட்டுப் போங்கள். டால்ஃபின் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, கையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

உடுப்பு விஷயம்: ஜூன் மாதம்தான், ஆனாலும் ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டும் தேவைப்பட்டன. அந்த மேட்டில் குடை நிற்காது. கோடையிலும் கீழைக்காற்று அடித்தால் கடலிலிருந்து ஹார் என்ற மூடுபனி ஏறிவரும். ஊருக்குள் வெயில் அடிக்கும், கரையில் பத்தடி தெரியாது. அப்படியிருந்தால் கடலை மாலைக்குத் தள்ளிவிடுங்கள். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் உண்டு. டிசம்பரில் போகிறவர்களுக்கு இது கிடையாது, மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் அடங்கிவிடும். கடலைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

6. மழை பிடித்துக்கொண்டால்

ஷிப்ரோ தெருவில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. முனையத்திலிருந்து நடை தூரம், அதனால் கப்பலுக்கு முன் கடைசி ஒரு மணி நேரத்தைக் கழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. நடுவில், கடலில் எண்ணெய் எடுத்த மர்ச்சிசன் என்ற மேடையின் மாதிரி, எட்டரை மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஒவ்வொரு தளத்திலும் நின்று அதைப் பார்க்கலாம், லிஃப்ட் உண்டு. ஸ்கூல்ஹில்லில் உள்ள கலைக்கூடமும் இலவசம். போகிற வழியிலேயே மார்ஷல் காலேஜ், இப்போது மாநகராட்சி அலுவலகம். வெளியில் நின்று பார்த்தால் போதும். மழை விட்டவுடன் பாருங்கள், கருங்கல்லில் உள்ள மைக்கா மினுமினுக்கும்.

ஸ்டோன்ஹேவன் பக்கம் உள்ள டன்னோட்டர் கோட்டையைப் பலரும் சொல்வார்கள். ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனால் நிலையத்திலிருந்து நல்ல நடை, செங்குத்தான படிகள், காற்று பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள். கப்பல் ஏறும் நாளில் வேண்டாம்.

7. சாப்பாடு

இந்த ஊர்ப் பேக்கரிகளில் ரோவி என்று ஒன்று விற்கும். உள்ளங்கை அளவு, தட்டை, பரோட்டாவின் ஓரம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், உப்புத் தூக்கலாக இருக்கும். பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். சைவம் சாப்பிடுபவர்களும் பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களும் கேட்டுவிட்டு வாங்குங்கள், வழக்கமான செய்முறையில் பன்றிக் கொழுப்பு சேரும். அதேபோல் சில மீன் கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள். பலகையில் சப்பர் என்று எழுதியிருந்தால் சிப்ஸும் சேர்த்து என்று பொருள். ஒரு பொட்டலம் அம்மாவுக்கும் எனக்கும் போதுமாக இருந்தது.

வெளியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். இங்கத்திக் கடற்பறவைகள் கோழி அளவு இருக்கும், பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைக் கொத்திக்கொண்டு போகும். குழந்தைகள் கையில் தின்பண்டம் இருந்தால் இன்னும் கவனம்.

உறவினருக்கு ஊரிலிருந்து எடுத்துப் போகிறவர்களுக்கு: பால்கோவா, நெய், பன்னீர், இறைச்சி ஊறுகாய் எதையும் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். முறுக்கு, பருப்புப்பொடி, மசாலாப்பொடிதான் எங்கள் பெட்டியில் இருந்தன. அவற்றுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

8. கிளம்பும் முன் பர்ஸைப் பாருங்கள்

பஸ், டாக்ஸி, கடை எல்லா இடத்திலும் அட்டையைத் தட்டினால் போதும். ரொக்கம் மாற்றினால் ஸ்காட்லாந்து வங்கிகளே அச்சடித்த நோட்டுகள் கையில் சேரும். மூன்று வங்கிகள் அச்சடிக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அதுவும் பவுண்டுதான், மதிப்பும் அதேதான். ஆனால் லண்டனில் சில கடைக்காரர்கள் வாங்கத் தயங்குவார்கள், நம் ஊரில் நோட்டு மாற்றும் கடைகளில் இன்னும் சிரமம். ஸ்காட்லாந்தை விட்டுக் கிளம்பும் முன் அவற்றைச் செலவழித்துவிடுங்கள். எங்களிடம் மிஞ்சியிருந்த இரண்டு நோட்டுகளை மறுநாள் காலை ரயில் நிலையக் கடையில் தண்ணீரும் சாண்ட்விச்சும் வாங்கித் தீர்த்தோம். தெற்கே போகும் ரயிலில் கடல் இடது பக்கம் வரும். டிக்கெட் போடும்போதே அந்தப் பக்கம் கேட்டிருந்தேன்.